லாரிக்கு என்ன வடிவம்?

பார்வையற்றோருக்கான எங்கள் சங்கத்தில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. கணினியில் எந்தப் பொருளின் உருவத்தைக் கொடுத்தாலும், பிளாஸ்டிக் இழையைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, அதே உருவத்தைக் கையளவில் செய்து தந்துவிடுகிறது. போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். யானை, கோயில் கோபுரம், ஆகாய விமானம் மூன்றும் மேசைமேல் வரிசையாக நின்றன. மூன்றும் ஒரே உயரம்.

நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் கவிதா, "இனிமே ஈசிதான்க்கா. எத வேணும்னாலும் பிரிண்ட் பண்ணி அவங்க கையில குடுத்துரலாம் லா," என்றாள்.

நான் யானையை எடுத்துப் பார்த்தேன். கோபுரத்தையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கனம்.

"ஏன்க்கா, நல்லா இல்லையா?"

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பாக்கியத்தின் நினைவு வந்துவிட்டது. சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறிப்போயிற்று, அவளைப் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள், பாதியில் நின்றது. "எழுதிக் குடுங்கக்கா, நாங்க படிச்சிக்கிறோம்," என்றாள் கவிதா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மலாக்கா மாநிலத்தில் பார்வை இல்லாதவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் நடக்கவும், சமைக்கவும், சாமான்களை அடையாளம் கண்டு பயன்படுத்தவும் பழக்குவது. முப்பத்திரண்டு வருடம் செய்தேன். அதற்கு முன் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். கோலாலம்பூரில் ஆறு மாதப் பயிற்சி. பிரெய்ல், வெள்ளைக்கோல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது யோசித்தால் அந்த ஆறு மாதத்தில் விடுதியின் தகரக் கூரையில் பெய்த மழைதான் நினைவில் நிற்கிறது. உண்மையாகக் கற்றுக்கொண்டது மலாக்காவுக்குத் திரும்பி வந்து, நைனா சாரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

நைனா முகமது என் மேலதிகாரி. பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், அவர்கள் இன்னும் ஏதாவது சொல்ல மிச்சம் வைத்திருப்பார்கள் என்பதுபோல. பெரும்பாலும் வைத்திருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் மேசைமேல் ஒரு குடையை வைத்தார்.

"இது என்னாம்மா சரோஜா?"

"குடை சார்."

"சரி. கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது அதே குடையை விரித்துத் தரையில் வைத்திருந்தார். "இது?"

"இதுவும் குடைதான் சார்."

"எப்படிச் சொல்றீங்க? முன்ன இருந்தது கம்பு. மூலையில சாத்தி வைக்கலாம். இது கூடாரம். கதவுல நுழையாது. ரெண்டுக்கும் ஒரே பேரு எப்படி வந்துச்சு?"

 அவர் சிரித்தார்.

"ஏழு வயசு வரைக்கும் நான் ரெண்டும் வேற வேற சாமான்னுதான் நினைச்சிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் எங்கம்மா என் கையாலயே விரிக்க வெச்சாங்க. உள்ள இருந்த கம்பியெல்லாம் கிளம்பி மேல வந்துச்சு. அப்பதான் ஒன்னுன்னு தெரிஞ்சுச்சு. ரெண்டு நாளு விரிச்சி மடக்கி விரிச்சி மடக்கி, குடையே உடஞ்சி போச்சு."

ஒரு பொருளை ஒருவர் கையில் எப்படிக் கொடுப்பது என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் பொருளைத் துடைப்பார். பிசுக்கு இருந்தால் கை பிசுக்கைத்தான் கேட்கும், வடிவத்தைக் கேட்காது என்பார். அதை மேசையில் வைத்துவிட்டு, எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்வார். அவர்கள் தேடி எடுக்க வேண்டும். தடுமாறினால் தன் கையை அவர்கள் கைக்கு அடியில் கொண்டுபோவார். ஒருபோதும் மேலே வைத்து அழுத்த மாட்டார். "மேல வெச்சா அது புடிச்சி இழுக்கிறது. அடியில வெச்சா அவங்க விரும்புற நேரம் கைய எடுத்துக்கலாம்." இரண்டு உள்ளங்கையாலும் முழுப் பொருளையும் ஒருமுறை அணைத்துப் பார்க்கச் சொல்வார். பிறகு விளிம்பு. பிறகு துளைகள், பள்ளங்கள், அசையும் பாகங்கள். அதற்குப் பிறகு, "இது எப்படியெல்லாம் நிக்கும்?" என்று கேட்பார். நிமிர்ந்து நிற்குமா, படுத்தால் உருளுமா, கவிழ்த்தால் ஆடுமா. பெயரைக் கடைசியில்தான் சொல்வார். பெயரை முதலில் சொல்லிவிட்டால் கை தேடுவதை நிறுத்திவிடும் என்பது அவர் எண்ணம்.

அந்த வருடங்களில் என் கனவுகள் மாறின. முன்பெல்லாம் எல்லோரையும்போலக் கனவு கண்டுகொண்டிருந்தேன். பிறகு சில கனவுகளில் காட்சியே இல்லை. ஏதோ ஒரு கதவின் பூட்டு விரல்களுக்குள் இருக்கும், குளிர்ந்த இரும்பு. பக்கத்தில் ஒரு சுவர் இருப்பது தோளில் தெரியும். பயம் இருக்காது. விழித்த பிறகு ஜன்னல் வெளிச்சம் கொஞ்ச நேரம் அந்நியமாக இருக்கும்.

ரெம்பியாவில் சின்னையா என்று ஒருவர் இருந்தார். அறுபது வயது. அவரும் பிறவியிலேயே பார்வையற்றவர். தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு கிழித்துத் துடைப்பம் கட்டி விற்பார். எங்களிடம் ரப்பர் பலகை ஒன்று உண்டு. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால், கோடு மேலெழும்பி விரலுக்குத் தெரியும். அதை அவரிடம் கொடுத்து, உங்கள் கோப்பி மங்கை வரையுங்கள் என்றேன். மங்கு என்றால் எங்கள் ஊரில் பீங்கான் கோப்பை.

நிதானமாக ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் சிறிய வளைவு. "இது வாயி. இது காது."

"உடம்பு எங்கங்கண்ணே?"

விரலால் வட்டத்தின் உள்ளே தட்டினார். "உள்ளதான்மா இருக்கு. வாய் வழியாத்தான போகணும்."

"அடிப்பக்கம்?"

அதற்கு அவர் செய்ததை நான் அதுவரை எங்கும் பார்த்ததில்லை. தாளைத் தூக்கி, திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் இன்னொரு சின்ன வட்டம் வரைந்தார். "அடி அந்தப் பக்கம்ல இருக்கு," என்றார். நான் வரைந்திருந்தால் பக்கவாட்டில் நின்று பார்த்தபடி வரைந்திருப்பேன். அவர் மங்குக்குப் பக்கவாட்டில் ஒருநாளும் நின்றதில்லை. அது எப்போதும் அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்தது.

அதே சின்னையா ஒரு நாள் பேச்சுவாக்கில், மரம் என்றால் மேலே போய்க்கொண்டே இருக்கும்தானே என்றார். தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறார். விழுந்த மட்டைகளை அறுபது வருடமாகக் கிழித்திருக்கிறார். அடிமரத்துக்கும் மட்டைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. நான் சொன்னேன். ஓர் உயரத்தில் மரம் நின்றுவிடும், அங்கிருந்து மட்டைகள் சுற்றிலும் பிரியும், உங்கள் கைவிரல்கள் மணிக்கட்டிலிருந்து பிரிகிற மாதிரி என்று விளக்கினேன்.

கையிலிருந்த ஈர்க்கை நுனி வரைக்கும் தடவினார். "அப்ப முடிஞ்சிருதா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"நான் போயிக்கிட்டே இருக்கும்னு நினைச்சிருந்தேன்."

சைக்கிளில் திரும்பும்போது சாலையின் இருபுறமும் மரங்களின் நுனியையே பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லா மரமும் முடிந்துதான் இருந்தது. ஏனோ அன்றைக்கு அது எனக்கே வருத்தமாக இருந்தது.

இனி பாக்கியத்தைப் பற்றி. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். இப்போது பாயா ரும்புட்டில் குடியிருக்கிறாள், ஒரு கிளினிக்கில் தொலைபேசி எடுக்கிறாள். "எழுதுங்கக்கா, பேர மட்டும் மாத்திருங்க," என்றாள். மாற்றிவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. புலாவ் செபாங் ரயில் நிலையத்திலிருந்து உள்ளே போனால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் தோட்டம் ஒன்று. அங்கே கணவன் மணியத்தோடும் மாமியாரோடும் இருந்தாள். மணியத்துக்குப் பார்வை உண்டு. செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கெலிண்டன், அதாவது டிரைவருக்கு உதவியாள். கல்யாணமாகி நான்கு வருடம். வேலை முடிந்து வரும்போது தினமும் எதையாவது கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பானாம். ஒரு நாள் குருவிக்கூடு, ஒரு நாள் உடைந்த ஹெட்லைட், ஒரு நாள் முள்ளோடு ஒரு செம்பனைக் குலை. "என்னான்னு சொல்லு பாப்போம்" என்பானாம். அவள் தனியாகப் பட்டணத்துக்குப் போய்வர வேண்டும் என்று எங்களுக்கு விண்ணப்பம் எழுதியதும் மணியம்தான்.

நான் போய்ப் பழக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு திருப்பத்தில், பாதையின் இடது ஓரம் சரிந்து லாரி கவிழ்ந்தது. டிரைவர் தப்பித்தார். மணியம் இறந்துவிட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு போனேன். பாக்கியம் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் முந்தானைக்குள் இருந்தன. மூன்று வாரத்துக்கு முன் நான் போனபோது அந்தக் கைகள் ஓயாமல் எதையாவது தேடிக்கொண்டிருக்கும். மேசை விளிம்பு, என் வளையல், டம்ளரின் கீறல். இப்போது எதையும் தொடவில்லை. சோற்றைத் தொடுவதுகூட இல்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் என் காதில் சொன்னாள்.

காரணத்தையும் அவளே சொன்னாள். டிரைவர் துக்கத்துக்கு வந்தபோது, "நான் குதிடா குதிடான்னு கத்துனேன், அவன் குதிக்கல," என்று அழுதிருக்கிறார். அதைக் கேட்ட மாமியார் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. அன்று காலை மணியத்துக்கும் பாக்கியத்துக்கும் ஏதோ வாக்குவாதம். சாப்பிடாமல் போயிருக்கிறான். குதித்திருந்தால் பிழைத்திருப்பான், மனசு ஒடிஞ்சு போய்த்தான் குதிக்காமல் உட்கார்ந்துவிட்டான் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியத்தை நேராகத் திட்டவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார். இரண்டு பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஒருத்தி பேசாமலும் இன்னொருத்தி தொடாமலும் இருந்தார்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கேட்டாள்.

"அக்கா, லாரிக்கு என்ன வடிவம்?"

எனக்குப் புரியவில்லை.

"ஏறி ஒக்காந்திருக்கேன். படி தெரியும். சீட்டு தெரியும். கதவு தெரியும். முழுசா எப்படி இருக்கும்? எப்படி அது சாயும்? எல்லாரும் சாஞ்சிருச்சு சாஞ்சிருச்சுங்கிறாங்க. எனக்கு ஒன்னுமே புரியல."

அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. புலாவ் செபாங் கடைத்தெருவுக்குப் போய் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு லாரி வாங்கினேன். நல்ல லாரிதான். இரும்பில் செய்தது, கதவுகூடத் திறக்கும். துடைத்து, அவள் முன்னால் தரையில் வைத்து, "முன்னாடி இருக்கு, எடுத்துப் பாரு," என்றேன்.

கைகளை முந்தானையிலிருந்து எடுத்தாள். தூக்கினாள். ஒரு கைக்குள் முழுதாக அடங்கிவிட்டது. கட்டைவிரல் பட்டுச் சக்கரம் கிர்ரென்று சுற்றியது.

"இதாக்கா?" என்றாள். "இதுவா அவர கொன்னுச்சு?"

"இல்லம்மா, இது சின்னது. நெஜ லாரி இதே மாதிரி, ஆனா பெருசா..."

"எவ்ளோ பெருசு?"

"வீடு மாதிரி."

"வீடு எப்படிக்கா இதுமாதிரி இருக்கும்?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாமியார் உள்ளே வந்தார். மருமகள் கையில் பொம்மை லாரியைப் பார்த்தார். "புருசனப் பறிகுடுத்தவளுக்கு வெளையாட்டுச் சாமானா வாங்கிக் குடுக்கிறீங்க?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. நான் லாரியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ரயில் நிலையத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் தணிந்து தண்டவாளத்தின்மேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது. தூரத்தில் கடுகளவு ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது விரலளவு ஆனது, பெட்டியளவு ஆனது, பிறகு என் முகத்தில் காற்றை அடித்துக்கொண்டு ரயிலாக வந்து நின்றது. யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை.

மறுநாள் நைனா சாரிடம் நடந்ததையெல்லாம், ரயிலுக்குக் காத்திருந்தது வரைக்கும், சொன்னேன். வழக்கம்போலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"நேத்து ரயில் வந்தத பாத்தீங்கதான?"

"பாத்தேன் சார்."

"தூரத்துல சின்னதா இருக்கும், கிட்ட வந்தா பெருசாகும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் நம்புறேன். ஆனா அனுபவிச்சதில்ல. என் கைக்குத் தூரம்னு ஒன்னு கெடையாதும்மா. தொட்டா இருக்கு, தொடலன்னா இல்ல. நீங்க பொறந்ததிலேர்ந்து தினமும் லாரி சின்னதாகிப் பெருசாகிறத பாத்துக்கிட்டே இருக்கீங்க. அதனால பொம்மைய பாத்தாலும் லாரின்னு தெரியுது. அவ எந்தச் சாமானும் சின்னதாகிப் பாத்ததே இல்லையே. அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப என்ன செய்றது சார்?"

"அவ கேட்டத குடுங்க. லாரிய குடுங்க."

ரெம்பியாவுக்கு வெளியே லாரிகள் பழுது பார்க்கும் ஒரு பட்டறை இருந்தது. அதன் உரிமையாளர் பாக் சமாட் என்ற மலாய்க்காரர். அதே வகைச் செம்பனை லாரி ஒன்று பழுதுக்கு வந்து நிற்கிறது என்றும், ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். உடனே உள்ளே போய் லாரியின் கைப்பிடிகளில் இருந்த கிரீசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பாக்கியம் வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. வந்தாள். மாமியார் தடுக்கவில்லை. நைனா சாரும் வந்தார்.

காலை மூட்டம் இன்னும் கலையவில்லை. பட்டறைக்குப் பின்னால் செம்பனை வரிசைகள் சாம்பல் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன. லாரி சகதி போகக் கழுவப்பட்டு நின்றது. நான் அவள் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்து, முன்பக்கத்து இரும்பில் கொண்டுபோய் விட்டேன். பிறகு விலகிக்கொண்டேன்.

முதலில் ஒரு கையை லாரியில் உரசியபடி சுற்றி நடந்தாள். ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கே வந்ததும் நின்றுவிட்டாள். அது முடியும் என்பதையே அவள் எதிர்பார்க்கவில்லை என்று தோன்றியது. மறுபடி சுற்றினாள். மூன்றாம் சுற்றில் இரண்டு கைகளாலும் தொட்டாள். சக்கரத்தைக் கட்டிப்பிடித்தாள். அவள் மார்பு வரைக்கும் இருந்தது. மண்ணில் மண்டியிட்டு அடியில் கையை விட்டாள். "அடியில காலியா இருக்குக்கா," என்றாள் ஆச்சரியமாக. "அடியில நான் படுக்கலாம்." பாக் சமாட் ஏணி கொண்டுவந்து சாத்தினார். "பெலான் பெலான்," என்றார், மெதுவாக என்று. ஏறிப் பின்பக்கத்துத் தொட்டியின் விளிம்பைப் பிடித்து உள்ளே கைவிட்டாள். தரை எட்டவில்லை. குலைகள் அதுவரைக்கும் நிறைந்திருக்குமா என்று கேட்டாள். அதற்கு மேலேயும் இருக்கும் என்றேன். இறங்கி முன்னால் வந்து, ஏணியைப் போடச் சொல்லி, டிரைவர் இருக்கும் கூண்டின் கூரையையும் தொட்டாள். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நைனா சார் ஒரு டயர்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். 

"அவரு எங்க ஒக்காருவாரு?"

இடது பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். ஏறி உட்கார்ந்தாள். கதவை மூடினாள், திறந்தாள், மூடினாள். கால் எங்கே போகும் என்று பார்த்தாள். முன்னால் ஒரு இரும்புக் கம்பி இருந்தது, குலுங்கும்போது பிடித்துக்கொள்ள. அதில் கையை வைத்தாள்.

"எந்தப் பக்கம் சாஞ்சுச்சு?"

"இடது பக்கம்மா. நீ ஒக்காந்திருக்கிற பக்கம்."

அப்போது நைனா சார் எழுந்து வந்தார். என்னிடமிருந்த பொம்மை லாரியைக் காலையிலேயே வாங்கி வைத்திருந்தார். ஜன்னல் வழியாக அதை அவள் மடியில் வைத்து, "இப்ப பாரும்மா," என்றார்.

எடுத்தாள். இரண்டு உள்ளங்கையாலும் அணைத்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. முன்பக்கம், தொட்டி, சக்கரம், அடி. ஒரு தடவை பொம்மையைத் தொட்டாள், ஒரு தடவை தன் பக்கத்துக் கதவைத் தொட்டாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்தப் பெரியது மெல்ல மெல்லச் சுருங்கி அவள் கைக்குள் வந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பொம்மையைத் தொடைமேல் நிறுத்தினாள். அதன் இடது கதவில் ஒரு விரலை வைத்தாள். பிறகு மிக மெதுவாக இடது பக்கம் சாய்த்தாள். சக்கரம் தூக்கியது. லாரி விழுந்தது. விரல் கதவுக்கும் தொடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எடுக்கவில்லை. மறுபடி நிமிர்த்தி மறுபடி சாய்த்தாள். அடுத்த முறை விரலைக் கதவிலிருந்து வெளியே குதிப்பதுபோல் தள்ளி வைத்தாள். லாரி முழுதாக அந்த விரல்மேல் வந்து விழுந்தது.

"அக்கா."

"சொல்லும்மா."

"இந்தப் பக்கம் குதிக்க எடமே இல்லக்கா. தரைதான் மேல வருது. குதிச்சா லாரிக்கு அடியிலதான் குதிக்கணும்."

பொம்மையை மறுபடி நிமிர்த்தினாள்.

"டிரைவரண்ணன் அந்தப் பக்கம். அவருக்கு மேல இருந்துச்சு. அவரு குதிக்கலாம். இவரு எப்படிக் குதிப்பாரு? இவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் குதிக்கல. இந்தக் கம்பியப் புடிச்சிக்கிட்டு இருந்திருப்பாரு, பொழைச்சிக்கலாம்னு."

இரும்புக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தாள். நெற்றியை அதன்மேல் வைத்தாள். அப்போதுதான் அழுதாள். பாக் சமாட் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஸ்பேனரைத் தேடினார்.

லாரி இடது பக்கம் சாய்ந்தது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்ணால் பார்த்தவர்களே பத்துப் பேர் இருப்பார்கள். குதித்திருக்கலாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன்.

திரும்பும் வழியில் ரெம்பியா கடைத்தெருவில் சங்கத்துக் கார் நின்றபோது, "பசிக்குதுக்கா," என்றாள். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வாழையிலையில் சோறு, மீன் குழம்பு. இலையின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாம் முறை சோறு வாங்கினாள், மூன்றாம் முறையும் வாங்கினாள். நைனா சார் தன் மீனையும் அவள் இலைப்பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பாக்கியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அத்தே, கைய குடுங்க," என்றாள். அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கொடுத்தார். பாக்கியம் லாரியை அவர் மடியில் நிறுத்தி, அவர் விரலை எடுத்து இடது கதவில் வைத்தாள். "இதுதான் அவரு. டிரைவரண்ணன் இந்தாண்ட. இப்ப சாயுது பாருங்க."

லாரி சாய்ந்தது. அந்த அம்மாவின் விரல் அடியில் சிக்கியது.

"இப்ப குதிங்கத்தே."

விரல் அசைந்தது. போக இடமில்லை.

அந்த அம்மா விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வெளியே அந்த நேரம் யாரும் இல்லை. வெயில் முற்றத்தில் அப்படியே கிடந்தது. "எம்புள்ள பொழைக்கத்தான் பாத்திருக்கான்," என்றார். அதை எங்களில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஆமாத்தே."

"போதும். எடு."

பாக்கியம் லாரியை எடுத்தாள். அந்த அம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தார். அடுப்படிக்குப் போனார். பாத்திரம் திறக்கும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றியது. உள்ளேயிருந்து, வாரக்கணக்கில் பேசாத மருமகளிடம், "சாப்ட்டியா நீ?" என்று கேட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டவள், நாங்கள் இருந்த பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்.

"இன்னும் இல்லத்தே."

"சார், டீச்சரம்மா, நீங்க?"

நைனா சார் என்னை முந்திக்கொண்டார். "நாங்களும் இன்னும் சாப்பிடலம்மா," என்றார்.

நான்கு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.